பட்டியலில் மூன்றாவது ஆள்

பேனாச் சத்தம் நின்றதுதான் முதலில் உறுத்தியது. முதுகுக்குப் பின்னால், கண்ணாடிச் சுவர் வைத்த கூட்ட அறையில், வெள்ளைப் பலகையில் அவள் மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள். அரை மணி நேரமாகக் கீச் கீச்சென்று காதைக் குடைந்த அந்தச் சத்தம், அவள் பிழை தேடும் டீபக்கரில் புரோகிராமை நிறுத்திய அதே நொடியில் கத்தரித்ததுபோல் நின்றது. ஏசியின் முனகலும், பூட்டிக் கிடந்த அறைகளின் புழுங்கிய தரைவிரிப்பு வாடையும் மட்டும் மிச்சம். பிள்ளை சத்தமில்லாமல் இருந்தால் சுவரில் கிறுக்குகிறாள் என்று அர்த்தம். அப்படி நினைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் திரையிலேயே கண்ணை வைத்தாள்.

விடுமுறை நாள், நல்ல வெயில் நேரம். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஆறு வயதுக்காரியையும் அலுவலகத்துக்கு இழுத்து வந்திருந்தாள். தீப்பிடித்தால் கட்டடத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கேமராக்களை வைத்து எண்ணிச் சொல்லும் புரோகிராம் அவள் எழுதியது. ஒரு மாதமாக அது எப்போதும் ஓர் ஆளைக் கூட்டியே சொல்கிறது.

"பேயையும் சேத்து எண்ணுதா உன் புரோகிராம்?" என்று மேலாளர் எல்லோர் முன்னாலும் சிரித்திருந்தார். நாளைக்குள் சரியாக வேண்டும். சோதனைப் பிரதியில் பிழை தலைகாட்டவே இல்லை. அதனால் ஓடிக்கொண்டிருக்கும் அசலிலேயே, நிறுத்தி நிறுத்தி ஒவ்வொரு படியாக ஓட்டிப் பார்க்கும் டீபக்கரை மாட்டிவிட்டாள். அதைச் செய்யாதே என்று புதிதாக வருபவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

பட்டியலை விரித்தாள். அவள் இருக்கும் மூன்றாவது மாடிக்கு மட்டும், ஆளுக்கு ஒரு வரி. வரிக்குள் பெயர், உயரம், இருக்கும் இடம். முதல் வரி அவள். இரண்டாவது வரியில் 'விருந்தினர்', கூட்ட அறை, அது மகள். மூன்றாவது வரியில் பெயர் இல்லை. உயரம் பூஜ்யம். இடம், படிக்கட்டு.

இன்டர்காமில் காவலாளியைக் கேட்டாள்.

"மூணாவது மாடியில நீங்களும் பாப்பாவும்தான் மேடம். வேற ஈ காக்கா கிடையாது."

புரோகிராமை ஒரு படி மட்டும் நகர்த்தினாள். பக்கத்து அறையில் 'கீச்'. ஒரே ஒரு கீச். மூன்றாவது வரியில் படிக்கட்டு போய் நடைபாதை என்று வந்தது. இன்னொரு படி. கீச். நடைபாதை விளக்கு ஒன்று அணைந்தது.

எழுந்து ஓடினாள்.

மகள் நுனிக்காலில் நின்றிருந்தாள். பேனா பலகையில் ஊன்றியபடி. கூப்பிட்டாள், தோளைப் பிடித்து உலுக்கினாள். உடம்பு கதகதவென்றுதான் இருந்தது, இமை ஆடவில்லை. இடுப்பைக் கட்டித் தூக்கப் பார்த்தாள். தரையோடு ஆணியடித்ததுபோல் அசைய மறுத்தாள் குழந்தை. புரோகிராம் நின்றால் மகளும் நிற்கிறாள். ஓடினால் அந்தப் பெயரில்லாததும் வரும்.

வேறு வழியில்லாமல் மேசைக்கு வந்து ஒரு படி நகர்த்தினாள்.

"அம்..."

இடம், கூட்ட அறை வாசல். இன்னொரு படி.

"...மா, இது யா..."

கூட்ட அறை.

அவளுக்கு அழுகை முட்டியது. கை மட்டும் தொழிலை மறக்கவில்லை. பட்டியலின் நீளம் மூன்று. அதை இரண்டாக்கினால் கடைசி வரி உதிர்ந்துவிடும். உதிர்ந்ததைப் புரோகிராம் திரும்பிப் பார்க்காது. எல்லோரும் செய்கிற குறுக்குவழி. இரண்டு என்று அடித்தாள். ஓட விட்டாள்.

லிஃப்ட் எங்கோ இரைந்தது. அணைந்த விளக்கு எரிந்தது.

"குட்டி?"

பேனா கீச்சிடவில்லை.

பட்டியலை விரித்தாள். முதல் வரியில் பெயர் இல்லை. இரண்டாவது வரியில் அவள். அவ்வளவுதான். ஒரு சுற்று முடிந்ததும் கடைசியாக அசைந்தவரைப் பட்டியலின் தலைக்கு ஏற்றச் சொல்லி எழுதியவளும் அவள்தான். கடைசியாக நகர்த்திய படியில் அந்தச் சுற்று முடிந்திருந்தது. பதற்றத்தில் வரிசையைப் பார்க்கவில்லை. பெற்ற மகளைத் தன் கையாலேயே உதிர்த்துவிட்டாள்.

மூன்று. திரும்ப மூன்று என்று அடித்தாள். விரல் இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது வரி வந்தது.

பெயர் இல்லை. உயரம் பூஜ்யம். இடம், கூட்ட அறை.

மகள் விட்டுப்போன இடத்தில் பெயரில்லாத இன்னொன்று, ஆக இரண்டு.

நிறுத்தும் விசையை அழுத்தினாள். நிற்கவில்லை. அழுத்தினாள். நிற்கவில்லை.

திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மகள் அதே நுனிக்காலில் நின்றிருந்தாள். காலையில் அவசரமாகப் போட்டுவிட்ட ரெட்டைப் பின்னலில் வலது பின்னல் தானாக மேலே எழும்பியது. ரிப்பன் அவிழ்ந்து விழுந்தது. பிறகு இடது பின்னலும் எழும்பியது. இரண்டும் இரண்டு பக்கமாக, நிதானமாக, விறைத்து இழுபட்டன.