இருநூற்றுப் பன்னிரண்டு மனுவுக்கு ஒரே எண்

"இருநூத்திப் பன்னெண்டு மனு... எல்லாத்துக்கும் ஒரே செல் நம்பர்! யாருதுங்க இது?"

முதியோர் உதவித்தொகை மென்பொருளைப் பராமரிக்க அரக்கோணத்திலிருந்து வந்த ஸ்ரீகுமார், மழையில் நனைந்த சட்டையோடு கேட்டான். தாலுகா அலுவலகத்தில் மனுக்களைப் பதியும் யுவஸ்ரீ நிமிர்ந்தாள். அவன் இமையில் மழைத்துளி நிற்க, அதற்குள் சிரிக்கும் கண்கள்...

"என்னுதுதான். நம்பர் போடலன்னா உங்க கம்ப்யூட்டர் மனுவை வாங்காதாம். போன் இல்லாத கெழவிங்க எங்க போவாங்க?"

"அதான் எல்லாம் போலி மனுன்னு கம்ப்யூட்டர் பூட்டிக்கிச்சு."

"ஏசியில உக்காந்துகினு செஞ்சா இப்படித்தான். ஒரு நாள் இங்க உக்காந்து பாருங்க!"

உட்கார்ந்தான். ஆர்.கே.பேட்டையிலிருந்து பஸ் மாறி வந்த அன்னம்மாள் கையை விரித்தாள். "செல்லா? என்னாண்ட ஏது நைனா?" யுவஸ்ரீயின் போனுக்கு வரும் தகவல்கள் டவுன் பஸ் கண்டக்டர் வாய்வழியே ஊர் ஊராகப் போவதையும் பார்த்தான்.

மூன்றாம் நாள் திரையில் புதிய கட்டம் வந்தது: 'கைபேசி இல்லை'. தகவல் இனி கிராம அலுவலருக்குப் போகும்.

கிளம்பும்போது மெல்லச் சொன்னான். "உங்க நம்பர் மனப்பாடம் ஆயிடுச்சுங்க..."

பக்கத்து மேசை தணிகைமணி களுக்கென்று சிரித்தார். அவளுக்கு முகம் எரிந்தது.

"அது ஆபீஸ் வேலைக்கு. வேற எதுக்கும் போடாதீங்க!"

அவன் கண்களில் சிரிப்பு அணைந்தது. போய்விட்டான்.

அதன்பின் அவள் போனில் ஒரு தகவலும் இல்லை. மென்பொருள் ஒரு குறையுமின்றி ஓடியது... அதுதான் கொடுமை. மலைமேல் மேகம் இறங்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்தாள். ஏன் அப்படிச் சொன்னேன்? அவன் எண்ணைக்கூட நான் கேட்கவில்லையே...

நாற்பதாம் நாள், பராமரிப்புப் புகார்ப் பக்கத்தைத் திறந்தாள். தன் எண்ணை மட்டும் அடித்து அனுப்பினாள்.

மறுநாள் மழையோடு வந்து நின்றான்.

"குறை என்னான்னு எழுதலையே?"

"நாப்பது நாளா... என் போன் அடிக்கல."

"போடாதீங்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"ஆங், சொன்னேன். வீம்புல சொன்னேன். உங்களைப் பார்க்காம முடியலங்க..."

அவன் அவள் கணினியில் அந்தப் புகாரைத் திறந்து அடித்தான்: 'எனக்கும் இதே குறை. ஆயுள் முழுக்க நேரில் வந்து கவனிக்க வேண்டும்.'

ஆறு வருடம் கவனித்தான். அவ்வளவுதான் அவன் ஆயுள்.

'குறை தீர்ந்ததா?' என்று அந்தப் பக்கம் இன்றும் கேட்கிறது. யுவஸ்ரீ இன்னும் 'இல்லை' என்றே அழுத்துகிறாள்.