தொண்ணூற்றெட்டுக்குள் சகாயராஜ்

முதலிபாளையம் தொழிற்பேட்டையில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நாயும் நானும்தான் வேலைக்கு வந்திருந்தோம். நாய்க்கு வெளியே வேலை. பனியன் கம்பெனி முதலாளி ஆத்தப்பன் என்னை மட்டும் உள்ளே விட்டு, ஷட்டரை இறக்கி வெளியே பூட்டினார். லீவு நாளில் திறந்திருந்தால் யாராவது கேள்வி கேட்பார்களாம். ஒரு மணிக்கு வந்து திறப்பதாகச் சொன்னார்.

அது 2007. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. குழந்தைச் சட்டை ஒன்றுக்குத் துணி வெட்டும் அளவுப்படம், பழைய பேட்டர்ன், அவருக்கு வேண்டும், மறுநாள் கட்டிங். அதை வரைந்த மென்பொருள் விண்டோஸ் 98-இல் மட்டும்தான் ஓடும். மூன்று வருஷமாக மூலையில் கிடந்த அந்தக் கம்ப்யூட்டரோ, போன வாரம் போட்டதும் புகைந்துவிட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் பிழைத்தது.

அதை அப்படியே நகலெடுத்து, புதுக் கம்ப்யூட்டரின் திரையில் ஒரு ஜன்னலுக்குள் பழைய கம்ப்யூட்டரையே ஓட வைத்தேன். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். உள்ளே ஓடுவது தன்னை முழுக் கம்ப்யூட்டர் என்றே நம்பும். அடைபட்டிருப்பது அதற்குத் தெரியாது. எங்கள் ஹாஸ்டலில் புதிதாகச் சேர்ந்தவர்கள் மாதிரி.

அறையில் சாயமும் மெஷின் எண்ணெயும் கலந்த வாடை. மேகப் படத்தோடு 98 எழுந்தது.

கூடவே தேங்காயெண்ணெய் வாடையும் எழுந்தது. யாரோ தலைக்கு நிறைய வைத்துக்கொண்டு, என் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்ப்பதுபோல.

திரும்பினேன். துணி மூட்டைகள்.

பேட்டர்னை எடுத்துவிட்டேன். மவுஸை ஜன்னலுக்கு வெளியே நகர்த்தினேன். வரவில்லை. இந்த மாதிரி மெஷினில் மவுஸ் உள்ளே சிக்குவது வழக்கம்தான். கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் சேர்த்து அழுத்தினால் விட்டுவிடும்.

அழுத்தினேன்.

விடவில்லை.

அம்புக்குறி ஜன்னலின் ஓரத்தில் முட்டி முட்டித் திரும்பியது. நான் கையை எடுத்த பிறகும் முட்டியது.

உள்ளே நோட்பேட் தானாகத் திறந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ், ஒவ்வொரு எழுத்தாக:

"வேல முடிஞ்சிட்டு மொதலாளி. போவட்டா?"

ஆத்தப்பனுக்குப் போன் போட்டுப் படித்துக் காட்டினேன். அந்தப் பழைய கம்ப்யூட்டரில் வேலை பார்த்த பேட்டர்ன் மாஸ்டர் சகாயராஜைப் பற்றி அவர் சொன்னார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் மகளுக்குப் புதுநன்மைச் சடங்கு என்று சீக்கிரம் கிளம்பக் கேட்டாராம்.

"நாந்தான் உடுல கண்ணு. சாயங்காலம் வந்து பார்த்தா, அந்தச் சேர்லயே உசுரு போயிருந்துச்சு."

நான் அந்தச் சேரிலிருந்து எழுந்தேன்.

"நீ சொல்லி அனுப்பி வெச்சுரு. மரியாதையா அனுப்பு."

நின்றபடியே, மரியாதையாக அடித்தேன்:

"போயிட்டு வாங்க."

நோட்பேட் மூடியது. 98 அணைந்தது. ஜன்னல் மறைந்தது. மவுஸ் விடுபட்டது. தேங்காயெண்ணெய் வாடைகூடப் போய்விட்டது. போனில் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

"என்னன்னு சொன்ன?"

சொன்னேன்.

"வாங்கன்னா?" அவர் குரல் இறங்கியது. "எழவு ஊட்டுல யாராச்சும் வர்றேன்னு சொல்லுவாங்களா கண்ணு?"

எங்கள் பாடத்திட்டத்தில் அது இல்லை. உடனே வந்து ஷட்டரைத் திறக்கும்படி கேட்டேன்.

"நானு வரலீங்க" என்றார். 'கண்ணு' போய் முதன்முறையாக எனக்கு 'ங்க' கிடைத்தது. லைன் போய்விட்டது.

ஷட்டரைத் தட்டினேன். வெளியே நாய் குரைத்தது. அப்புறம் முனகியது. அப்புறம் அதுவும் இல்லை.

ஷட்டருக்கு அடியில் தெரிந்த வெயில் கோட்டில் இரண்டு கால்களின் நிழல்.

நிழல் நகரவில்லை. ஆனால் இப்போது இல்லை.

தேங்காயெண்ணெய்.

எனக்குப் பின்னால் சேர் கிறீச்சிட்டது. புதுக் கம்ப்யூட்டரில் ஓடவே முடியாத அந்த மென்பொருள், ஜன்னல் எதுவும் இல்லாமல் திரை முழுக்க விரிந்திருந்தது. நடுவில், இன்னும் வரையப்படாத ஒரு புதுப் பேட்டர்னுக்கான வெற்றுப் பக்கம்.

"போகட்டுங்களா?" என்று மெல்லக் கேட்டேன்.

பேட்டர்னுக்குப் பெயர் எழுதும் கட்டத்தில், ஒவ்வொரு எழுத்தாகப் பதில் வந்தது.

"இந்த ஒண்ண மட்டும் முடிச்சிட்டுப் போங்க."