பதக்கத்தின் முதுகில் ஒரு பள்ளம்

"எங்கப்பாவைப் பொய்யர்னு சொல்லிட்டாங்கம்மா," என்றார் பேருந்து ஓட்டுநர். சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்த அந்தப் பெண், ஒரு சிறு மரப்பெட்டியை மேசைமேல் வைத்தார்.

எதிரே இருந்தவர் அச்சம்மா. பதக்கமும் நாணயமும் அடிக்கும் தொழிற்சாலையில் முப்பது வருடம் அச்சுகளைச் சரிபார்த்ததால் வந்த பெயர் அது. பக்கத்தில் அவர் கணவர், தையல்காரர். மனைவி ஒரு வார்த்தை கேட்பதற்குள் மூன்று பேரைக் குற்றவாளி ஆக்கிவிடும் மனிதர்.

ஓட்டுநர் விவரம் சொன்னார். நாற்பது வருடத்துக்கு முன் ஆற்றுப் பாலம் கட்டியபோது, நீருக்கடியில் தூணுக்கு அடித்தளம் போட்ட முக்குளிப்பாளர்கள் இருபது பேருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அவர் அப்பாவும் அதில் ஒருவர். பெயர்ப் பட்டியல் வெள்ளத்தோடு போய்விட்டதால், பதக்கம் காட்டுபவர் பெயரைத்தான் கல்வெட்டில் வெட்டுவதாக நகரமன்றம் முடிவு செய்திருந்தது. நாளையோடு வேலை முடிகிறது.

"போன மாசம் மன்றத்துக் கண்காட்சிக்குப் பதக்கத்தைக் கேட்டாங்க, கொடுத்தோம். பத்து நாள்ல திருப்பித் தந்தாங்க. அதை மன்றத்துல காட்டினா நகல்ங்கறாங்க. நாங்க கொடுத்ததே நகல்தான்னு கண்காட்சிப் பொறுப்பாளர் எழுதியும் கொடுத்துட்டார். அப்பா ஒரு வாரமா வாசப்பக்கமே வரலை."

"எனக்கு வீட்டு மருமகன் மேலதான் சந்தேகம்," என்றார் தையல்காரர்.

"எங்க வீட்டுக்கு நான் ஒரே பொண்ணு. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலைங்க."

அச்சம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியை ஆட்டினார். பதக்கம் உள்ளே கடகடவென்றது. "முன்னாடியும் இப்படி ஆடுமா?"

"ஆடாதும்மா. நகத்தால நெம்பித்தான் எடுக்கணும்."

"உருக்கி ஊத்துனது ஆறும்போது கொஞ்சம் சுருங்கும். அதான் ஆடுது. அசலை அச்சுல வச்சு அடிப்போம், அது சுருங்காது." உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே பார்த்தார். முன்பக்கத்தில் மாசுமறுவில்லாத பாலம். பின்பக்க ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம்.

"அப்பா வாங்கின அன்னைக்கே தன் தலைக்கவசத்துல தட்டிப் பார்த்தாராம், சத்தம் எப்படி வருதுன்னு. அம்மாகிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டார்."

மூவரும் கண்காட்சிக்குப் போனார்கள். வாசலில் நினைவுப்பொருள் கடை. பாலப் பதக்கத்தின் நகல்கள் அங்கே குவிந்து கிடந்தன. தையல்காரர் கை சும்மா இருக்குமா, ஒன்று வாங்கினார். அச்சம்மா அதைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

பொறுப்பாளர் பளபளவென்று வந்து நின்றார். "இந்த நகல்களுக்கு மூலம் எதுங்க?" என்று அச்சம்மா கேட்டார்.

"மன்றத்தோட சொந்தப் பதக்கம். அதோ, கண்ணாடிப் பேழையில இருக்கு. போன வருஷமே வார்ப்பு எடுத்தாச்சு."

"நல்லது. மன்றத் தலைவியைக் கொஞ்சம் கூப்பிடுங்க."

தலைவி வந்ததும் அச்சம்மா நிதானமாகப் பேசினார். "இந்தப் பதக்கத்தை அடிச்சப்போ நான் அங்க வேலைக்குப் புதுசு. முதல் அடியிலேயே அச்சு விரிசல் விட்டுடுச்சு. மறுநாள் விழா, வேற அச்சு வெட்ட நேரமில்லை. அதனால அசல் ஒவ்வொண்ணுலயும் பாலத்துக்குக் குறுக்கே மெல்லிசா ஒரு கோடு மேடா நிக்கும். இவங்க வீட்டுக்கு வந்ததுல அது இல்லை. வார்ப்பு எடுத்தவர் அதைப் பிசிறுன்னு நினைச்சுச் சுரண்டிட்டார். சுத்தக்காரர், பாவம்."

"அதான் சொன்னேனே, அவங்க கொடுத்ததே நகல்," என்றார் பொறுப்பாளர்.

"இருங்க. உங்க கடைப் பதக்கத்துலயும் கோடு இல்லை. ஆனா முதுகுல இவங்கப்பா தட்டின பள்ளம் இருக்கு. இவங்க பதக்கம் உங்க கைக்கு வந்தது போன மாசம். நீங்க வார்ப்பு எடுத்தது போன வருஷம். பள்ளம் எப்படிங்க முன்னாடியே வந்துச்சு?"

தையல்காரர் வாயைத் திறப்பதற்குள் அச்சம்மா தலைவி பக்கம் திரும்பினார்.

"வார்ப்பு இவங்க பதக்கத்துல எடுத்தது. வீட்டுக்காரங்க அடையாளம் தேடுவாங்கன்னு இவர் பள்ளத்தை மட்டும் விட்டுவச்சார். அதே வார்ப்புலயே கடைச் சரக்கையும் ஊத்தினார், சோம்பேறித்தனம். அசல் எங்கன்னு கேட்டா, பேழையைத் திறங்க."

சாவி தொலைந்துவிட்டது என்றார் பொறுப்பாளர். தலைவி தன் சாவியால் திறந்தார். பதக்கத்தின் முன்பக்கத்தில் கோடு. வெல்வெட்டில் பதிந்திருந்த பின்பக்கத்தில் பள்ளம். அச்சம்மா அதை மரப்பெட்டியில் வைத்து அழுத்த, சிக்கெனப் பொருந்தியது.

"மன்றத்துப் பதக்கம் எங்கேய்யா?" என்றார் தலைவி.

"சேகரிக்கிறவர் ஒருத்தருக்கு வித்துட்டேன்மா," என்றார் பொறுப்பாளர். "இடம் காலியா இருந்தா மாட்டிப்பேன்னு இவங்களோடதை வச்சேன்..."

தலைவி அங்கேயே கல்தச்சரைத் தொலைபேசியில் அழைத்து, முக்குளிப்பாளரின் பெயரை வெட்டச் சொன்னார். பிறகு ஓட்டுநர் பக்கம் திரும்பி, "உங்கப்பாகிட்ட நான் நேர்ல மன்னிப்புக் கேட்கணும். எப்போ வரலாம்?" என்றார்.

"நீங்க வர வேண்டாம்மா." ஓட்டுநர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வீட்டு எண்ணை அழுத்தினார். "அப்பா, நல்ல சட்டையா எடுத்துப் போடுங்க. உங்க பேரை வெட்டுறாங்க, பக்கத்துல நின்னு பார்க்கணும். வாசல்ல நில்லுங்க, வந்துட்டே இருக்கேன்."