அட்டை போன் கம்பெனி

அந்தக் குடியிருப்பின் மாடிப்படிக்குக் கீழே ஒரு கம்பெனி நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது, கதவு கிடையாது, மழை வந்தால் பாதி கம்பெனி நனைந்துவிடும். ஆனால் முதலாளி உண்டு. முதலாளிக்கு வயது பத்து. அவள் அம்மாவே சில நேரம் மறந்துபோய், "முதலாளி, சாப்பிட வாங்க" என்றுதான் கூப்பிடுவாள்.

கம்பெனியில் தயாரித்தது போன். நிஜ போன் இல்லை, அட்டை போன். அப்பாவுக்குச் செருப்புக் கடையில் வேலை என்பதால் காலிப் பெட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஒரு சனிக்கிழமை அவள் உட்கார்ந்து அட்டையை வெட்டி, பாட்டில் மூடியைப் பொத்தானாக ஒட்டி, எண்களை வரிசையாக எழுதினாள். ஏழாம் எண் விட்டுப்போய்விட்டது. அதை ஒருவரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் ஒருவரும் எண்களை அழுத்தவில்லை. வாயால் "டிரிங் டிரிங்" என்று சொன்னால் போதும், லைன் கிடைத்துவிடும்.

குடியிருப்பில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு போன் கிடைத்தது. ஒன்று மிச்சம் இருந்தது. அதை முதல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்த வாண்டுவுக்குக் கொடுத்தாள்.

வாண்டுவுக்கு ஐந்து வயது. அவள் தன் அம்மாவைத் தவிர வேறு யாரிடமும் பேச மாட்டாள். பெயர் என்ன என்று கேட்டால் அம்மாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். மிட்டாய் கொடுத்தால் வாங்கிக்கொள்வாள், ஆனால் வாயைத் திறக்க மாட்டாள். கேட்டுக் கேட்டு எல்லோரும் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

போன் கொடுத்த மறுநாள் முதலாளி படிக்குக் கீழே பசை காய்வதற்காகக் காத்திருந்தாள். மேல்படியிலிருந்து மெல்லிய குரலில் "டிரிங் டிரிங்" என்று கேட்டது. அவள் சட்டென்று தன் போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ, யாரு?"

"எங்க வீட்டுல ஒரு பல்லி இருக்கு."

"அப்படியா? பெரிசா?"

"அதுக்கு வால் இல்ல."

அன்றைக்குத் திறந்த வாய் பிறகு மூடவே இல்லை. பல்லி என்ன செய்தது, அம்மா எந்தச் சட்டையைத் தேய்க்கும்போது பொசுக்கினாள், கனவில் யார் வந்தார்கள் என்று ஒன்று விடாமல் போனில் சொன்னாள். காதில் போன் இருக்க வேண்டும், அவ்வளவுதான். போனைக் கீழே வைத்துவிட்டால் வாயில் பூட்டு விழுந்துவிடும். வாண்டுவின் அம்மா முதலாளியைப் பார்க்கும்போதெல்லாம் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

இதோடு நின்றிருந்தால் கதையே இல்லை. ஆனால் அந்தக் குடியிருப்பில் புதுசு என்று ஒருவன் இருந்தான். எது வந்தாலும் அடுத்தது எப்போது வரும் என்று கேட்பவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். ஒரு பேனா வாங்கினால், மை தீர்வது இருக்கட்டும், மூடியைத் திறப்பதற்குள் வேறு பேனாவைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவான். அடுத்த மாடல் எப்போது என்று அவன் முதலாளியிடம் கேட்டான்.

அடுத்த மாடல் என்ற சொல் முதலாளிக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இரண்டாவது மாடலில் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு வைத்தாள். அது நல்ல யோசனைதான். பிள்ளைகள் போனைக் கண்ட இடத்தில் போட்டுவிட்டுத் தேடாமல் இருந்தார்கள். மூன்றாவதில் நடுவே சன்னல் மாதிரி வெட்டி, அதன் வழியாக முகத்தைப் பார்த்துப் பேசும் வசதி வந்தது. அதுவும் நன்றாகவே இருந்தது. நான்காவதில்தான் அவளுக்கு எதுவும் தோன்றவில்லை. சனிக்கிழமை வந்துவிட்டது, எல்லோரும் படியில் வந்து காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பொத்தானை மேலிருந்து கீழே மாற்றி, நீல வண்ணம் பூசிக் கொடுத்துவிட்டாள். புதுசுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

புது மாடல் வேண்டுமென்றால் பழையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. திரும்பி வந்த போன்களை வெட்டித்தான் அவள் அடுத்ததைச் செய்தாள். எல்லோரும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். வாண்டு மட்டும் முதல் மாடலை ஒவ்வொரு முறையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

இப்போது விளையாட்டில் எல்லோரும் முகம் பார்த்துத்தான் பேசினார்கள். வாண்டுவின் போனில் சன்னல் இல்லை. அவள் கூப்பிட்டால் ஆட்டம் நின்றது. புதுசு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பழைய போன் வைத்திருப்பவர்களால் எல்லோருக்கும் தொல்லை என்று சொன்னான். முதலாளிதான் இதற்கு ஒரு முடிவு சொல்ல வேண்டும் என்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் முதலாளியின் அம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. நிஜ போன் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்கு வாடிக்கையாளர்கள் போன் செய்தால் அம்மாதான் பதில் சொல்வாள். ஹெட்செட்டை மாட்டியதும் அம்மாவின் குரல் தேன் தடவியதுபோல ஆகிவிடும். முதலாளிக்கு அந்தக் குரல் அப்படியே வரும். வீட்டில் அதைப் பேசிக் காட்டி அப்பாவைச் சிரிக்க வைப்பாள்.

அதே குரலில்தான் இப்போது வாண்டுவிடம் சொன்னாள்.

"மன்னிக்கணுங்க. அந்த மாடலுக்கு இனிமே எங்க கம்பெனியில சப்போர்ட் கிடையாது. புது மாடல் எடுத்துக்கிறீங்களா?"

அச்சு அசலாக இருந்ததால் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வாண்டு சிரிக்கவில்லை. போனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைக் காதில் வைத்துச் சொன்னாள்.

"கெட்டுப் போகலையே."

எல்லோரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.  அவள் போனைக் காதில் வைத்தபடியே படியேறிப் போய்விட்டாள்.

மறுநாள் வாண்டு கீழே வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் வாண்டுவின் அம்மா படியில் முதலாளியை நிறுத்தி, ஏதாவது சண்டையா என்று கேட்டாள். குழந்தை மறுபடியும் வாயே திறப்பதில்லை என்று சொன்னாள். இப்போது தன்னிடம்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிறாளாம். அவள் கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. வருத்தமாகக் கேட்டாள். 

ஒன்றும் இல்லை ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு முதலாளி ஓடினாள். இருப்பதிலேயே நன்றாக வந்திருந்த நீல போன் ஒன்றை எடுத்துக்கொண்டு வாண்டுவின் வீட்டுக்குப் போனாள். பழையதைக் கொடுக்க வேண்டாம், சும்மாவே வைத்துக்கொள் என்றாள். வாண்டு மரியாதையாக வாங்கிக்கொண்டாள். பிறகு அதைத் தரையில் வைத்து, அதன் மேல் தன் பொம்மையைப் படுக்க வைத்து, கைக்குட்டையால் போர்த்திவிட்டாள். நான்காவது மாடல் மெத்தையாகிவிட்டது. பழைய போனோ அலமாரியின் மேல்தட்டில், அவள் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது; அவளே அம்மாவிடம் கொடுத்து அங்கே வைக்கச் செய்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தால் அம்மா வேலையில் இருந்தாள். முதலாளி சத்தம் போடாமல் மேசைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மறுபக்கம் பேசியது யார் என்று தெரியவில்லை. அம்மா பேசியது மட்டும் கேட்டது.

"ஆமாங்க, புரியுது… இல்லைங்க, போன் நல்லாத்தான் இருக்கு, பேட்டரி மட்டும்தான்… மன்னிக்கணுங்க, அந்த மாடலுக்கு இப்ப பேட்டரி வர்றதில்லைங்க. புது மாடல் பாக்குறீங்களா?… சரிங்க. சரிங்க ஐயா. வெச்சிடுறேன்."

அம்மா ஹெட்செட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அடுத்த அழைப்புக்கான விளக்கு மின்னியது. அம்மா உடனே எடுக்கவில்லை. தேன் குரலில் பேசி முடித்ததும் அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று முதலாளி இதுவரை கவனித்ததே இல்லை. இப்போது பார்த்தாள், வாடிப்போயிருந்தது.

"அவர் திட்டினாராம்மா?"

"திட்டல கண்ணு. நல்லா இருக்கிற போனை ஏம்மா தூக்கிப் போடச் சொல்றேன்னு கேட்டாரு. எனக்குப் பதில் தெரியல."

"அப்ப நீ ஏன் அப்படிச் சொல்ற?"

"கம்பெனி சொல்லச் சொல்லுது. வருஷா வருஷம் புதுசு வந்துக்கிட்டே இருக்கு, பழசையும் சேர்த்துப் பாக்க முடியலைங்கறாங்க."

"கொஞ்சம் மெதுவாப் புதுசு விட்டா என்னவாம்?"

அம்மா சிரித்துவிட்டாள். "அதை நான் முடிவு பண்ண முடியுமா? முதலாளிதானே நினைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே ஹெட்செட்டை மாட்டினாள்.

அம்மா ஏதோ யோசனையில் சொன்னதுதான். ஆனால் கேட்டவளுக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்கு மேலே ஒரு கம்பெனி இருக்கிறது, அது சொல்லச் சொல்கிறது. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் கம்பெனிக்கு மேலே யார் இருக்கிறார்கள்? ஒருவரும் இல்லை. படிக்கட்டு மட்டும்தான் இருக்கிறது. வாண்டுவிடம் அப்படிச் சொல்லச் சொன்னது யாருமில்லை, அவளேதான்.

அவள் எழுந்து ஓடினாள். ஐந்தாவது மாடலை அன்றைக்கே செய்தாள். முதல் மாடல் ஒன்றுகூட அவளிடம் இல்லை, எல்லாவற்றையும் வெட்டியாகிவிட்டது. நினைவிலிருந்தே செய்தாள். வெறும் அட்டை, மேலே பாட்டில் மூடி, வரிசையாக எண்கள். பசை காயும் வரை இருப்புக் கொள்ளவில்லை.

வாண்டுவின் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. வாண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். முதலாளி உள்ளே போகவில்லை. அலமாரியிலிருந்து பழைய போனை எடுத்து வாண்டுவிடம் கொடுக்கும்படி ஆன்ட்டியிடம் சைகை காட்டினாள். ஆன்ட்டி அதை எடுத்துக் கொடுத்ததும் வாசலில், வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"டிரிங் டிரிங்."

பதில் இல்லை. அவள் மறுபடியும் அடித்தாள். அதற்கும் பதில் இல்லை. சரி, யாரோ எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பேசிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தாள். தேன் குரலை விட்டுவிட்டுத் தன் சொந்தக் குரலிலேயே பேசினாள்.

"ஹலோ. கம்பெனியிலிருந்து பேசுறேன். அன்னைக்கு நாங்க தப்பா ஒண்ணு சொல்லிட்டோம்."

 மேசைக்கு அடியிலிருந்து சின்னக் குரல் வந்தது.

"என்ன தப்பு?"

"உங்க போன் பேசாதுன்னு சொன்னோம். அது நல்லாத்தான் பேசுது."

"அதான் நான் அன்னைக்கே சொன்னேன்ல."

"சொன்னீங்க. நான்தான் கேக்கல. சிரிச்சுக்கிட்டு இருந்தேன். மன்னிச்சிடுங்க."

வாண்டு யோசித்தாள். யோசிக்கும்போது அவள் மூச்சு விடும் சத்தம் போனில் நன்றாகவே கேட்டது.

"சரி. லைன்லயே இருங்கக்கா. தண்ணி குடிச்சிட்டு வரேன். நிறையச் சொல்லணும்."

உண்மையிலேயே நிறையத்தான் இருந்தது. பேசாமல் இருந்த நாட்களில் நடந்தவை எல்லாம் சேர்ந்துபோயிருந்தன. பல்லிக்குப் புது வால் முளைக்க ஆரம்பித்திருந்தது. முதலாளிக்குக் கால் மரத்துப்போயிற்று, ஆனாலும் போனை வைக்கவில்லை. உள்ளே வாண்டுவின் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை வந்தது. ஐந்தாவது மாடலைப் பார்த்ததும் புதுசு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இதில் என்ன புதிதாக இருக்கிறது என்று கேட்டான்.

"இது எல்லாப் பழைய போனோடவும் பேசும்" என்றாள் முதலாளி. "இனிமே நம்ம கம்பெனியில எந்தப் போனும் எந்தப் போனோடவும் பேசும். கையில இருக்கிறது நல்லா இருந்தா யாரும் மாத்த வேண்டாம். அடுத்த மாடல் சனிக்கிழமைக்கெல்லாம் வராது. போன் கிழிஞ்சாத்தான் வரும்."

புதுசுக்குக் கோபம் வந்துவிட்டது. தானே ஒரு கம்பெனி ஆரம்பித்து வாரம் இரண்டு மாடல் விடப்போவதாகச் சவால் விட்டுப் போனான். எதிர்ப் படிக்கட்டுக்குக் கீழே உட்கார்ந்து மாலை வரை வெட்டினான். ஒரு போனை முடிப்பதற்குள் கத்தரிக்கோல் பிடித்து அவன் விரல் கொப்புளித்துப்போனது, பசை தலைமுடியில் ஒட்டிக்கொண்டது. இருட்டும்போது அவன் பாதிப் போனை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான்.

"டிரிங் டிரிங்" என்று படியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

புதுசு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அந்தப் பாதிப் போனைக் காதில் வைத்தான்.

"உங்க கம்பெனி நல்லா ஓடுதா அண்ணா?" என்று வாண்டு கேட்டாள்.

கம்பெனியை மூடியாயிற்று என்று அவன் உண்மையைச் சொல்லிவிட்டான். பசை எப்படித் தலைக்குப் போனது என்பதையும் சொன்னான். சோப்புப் போட்டுத் தேய்த்தால் போய்விடும் என்று வாண்டு அவனுக்கு வழி சொன்னாள்.

அதன் பிறகு வாரங்கள் ஓடிவிட்டன. முதலாளிக்குச் சனிக்கிழமைகளில் விளையாட நேரம் கிடைத்தது. ஆறாவது மாடல் எப்போது வரும் என்று புதுசு கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. ஏதாவது ஒரு போன் கிழிய வேண்டும், கிழிவதென்றால் வாண்டுவுடையதுதான் முதலில் கிழியும், அதுதான் எல்லாவற்றையும்விடப் பழையது என்று அவன் கணக்குப் போட்டு வைத்திருந்தான். அதனால் தினமும் சாயங்காலம் அவளைக் கூப்பிட்டு, போன் எப்படி இருக்கிறது என்று மிகுந்த அக்கறையோடு விசாரிப்பான்.

"ரொம்ப நல்லா இருக்கு அண்ணா," என்று வாண்டு அந்தப் போனிலேயே பதில் சொல்வாள். "உங்களுது?"