வாசலில் கிடந்த செருப்பு

வதனி மாடியேறி வந்தபோது வாசலில் மகள் நிதுஷாவின் செருப்பு கிடந்தது.

சென்னை அயனம்பாக்கத்தில் வாசலில் செருப்பு கிடக்காத வீடு எது என்று கேட்பீர்கள். வதனி வீடுதான். தாய், மகள் ரெண்டு பேர் செருப்பும் எப்போதும் கட்டிலுக்கடியில். உள்ளே பொம்பிளை இருக்கிறாள் என்று வாசல் சொல்லிவிடக் கூடாது. போர் முடிந்து வன்னியில் முள்கம்பி முகாமில் கிடந்த காலத்தில், கூடாரத்து வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்துத்தான் பூட்ஸ்கால்கள் உள்ளே வந்தன.

கரண்ட் வேறு போயிருந்தது. ஏரிப்பக்கத்துச் சேற்று வாடையும் தவளைச் சத்தமும் ஈரச்சுவரைத் தடவிக்கொண்டு படி வழியே அவள் பின்னாலேயே ஏறி வந்தன.

பக்கத்து வீட்டுக் கஸ்தூரி மெழுகுவத்தியோடு எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் பல்.

"இன்னாமே இவ்ளோ லேட்டு? உன் அண்ணன் வந்துகீறாரு! காணாமப் போனாரே, அவரு! பாப்பா கதவே தொறக்கல. நான்தான் 'உன் மாமாடி, தொற'ன்னேன்."

"மெய்யாவோ அக்கா? என்ரை அண்ணாவோ?"

"பேரு கரெக்டா சொன்னாரே. உன்னாட்டமே பேசறாரு."

மாலை போட மனசு வராமல் இத்தனை வருஷம் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்த அண்ணாவின் போட்டோ. வதனிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அழுதுகொண்டே கதவில் கை வைத்தாள்.

ஏலக்காய் வாசனை.

கை நின்றது. அண்ணாவுக்கு ஏலக்காய் ஆகவே ஆகாது.

முகாமுக்கு வந்த ஒருவன் எந்நேரமும் ஏலக்காய் மென்றுகொண்டிருப்பான். அண்ணா போட்டோவை அவனிடமும் காட்டி, பேர் சொல்லி அழுதிருக்கிறாள். "ஆமிக்காரன் கண்ணில படாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன் தங்கச்சி" என்றான். புதுச்செருப்பு வாங்கித் தந்தான். கடல் தாண்டி, வெளியே பூட்டுப் போட்ட ஓர் அறைக்கு விற்றான். தப்பி வந்தவள் அதை மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. எந்த வாயால் சொல்வாள், பாவி?

கதவு தாழிட்டிருக்கவில்லை.

தள்ளினாள்.

இருட்டு. தரையோரம் ஒரு செல்போன் வெளிச்சம்.

"அம்மா!" மகள் குரலில் அப்படியொரு சந்தோஷம். "மாமா வந்திருக்காரும்மா! பழைய செருப்பு எதுக்குன்னு வெளிய வெச்சுட்டாரு."

கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள் நிதுஷா. கீழே குந்தியிருந்தவன் திரும்பவில்லை. புதுச்செருப்பின் வாரை அவள் காலில் மாட்டிக்கொண்டிருந்தான். மெதுவாக. அளவு சரிதானா என்று விரலால் அழுத்திப் பார்த்தபடி.