உங்கள் குரலை நீங்களே கேளுங்கள்

ஹெட்போனில் தன் குரலைத் திருப்பிக் கேட்டபோது, தான் சொல்லாத ஒரு சொல் அதில் இருப்பதை டோரின் கவனித்தாள். பாடத்தின் கேள்வி சாதாரணமானது: உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? அம்மாவும் நானும் என்றுதான் அவள் ஆங்கிலத்தில் சொல்லியிருந்தாள். பதிவில் அவள் குரல், அவளுடைய அதே திக்கலோடு, தம்பியும் என்று சேர்த்துச் சொன்னது.

இரண்டாயிரத்து எட்டு, போர்க்காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் தமிழ் வீடு என்றால் அங்கே படுத்தெழும்பும் ஒவ்வொருவரின் பெயரும் பொலிசில் பதிந்திருக்க வேண்டும். மன்னாரிலிருந்து வந்த தம்பி பற்றிக்கின் பெயரைப் பதியப் போனால் அவனைப் பிடித்து வைத்துவிடுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். சோதனைக்கு ஆள் வந்தால் பின்னறை அலுமாரிக்குப் பின்னால் அவன் ஒளிய வேண்டும். நுணலும் தன் வாயால் கெடும், வாயைப் பொத்திக்கொண்டு இருங்கள் என்று அம்மா காலையும் மாலையும் ஓதினாள்.

பல்கலைக்கழகத்தின் இந்த இணைய ஆங்கில வகுப்புக்கு ஆசிரியர் கிடையாது. தானே பாடத்தைத் தெரிவுசெய்து, தானே பேசிப் பதிந்து, தானே கேட்டுப் புள்ளி போட வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசும் டோரினுக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. இப்போது அந்த நிம்மதி மேலேயே சந்தேகம் விழுந்தது. வகுப்பின் பொறுப்பாளர் றேமண்டிடம் போய் விசாரித்தாள். பதிவு உங்கள் கணினியை விட்டு எங்கும் போகாது என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் அவள் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து, பதிவை அழித்துவிட்டு மறுபடி பேசினாள். பின்னேர மழை தகரத்தில் இரைந்தது, கீழ்க்கடைக் கருவாட்டு வாசம் படியேறி வந்தது, பின்னறைக் கதவின் அடியில் பற்றிக்கின் நிழல் சற்று அசைந்து நின்றது. அம்மா, நான். அவ்வளவுதான். கேட்டாள். தம்பி, பின்னறை, அலுமாரிக்குப் பின்னால் என்றது அவள் குரல். இம்முறை திக்கவே இல்லை.

பின்னறைக்கு ஓடி, தன் கொம்பியூட்டரைத் தொட்டானா என்று தம்பியிடம் கேட்டாள். அவன் சுவரோடு ஒதுங்கினான்.

"அக்கா, நீதான் அப்பிடிச் சொன்னனீ. நான் இஞ்சால நிண்டு கேட்டனான். ரெண்டு தரமும்."

"நான் சொல்லேல்லை."

"ஏன் சொன்னனீ?"

கீழே ஜீப் நின்றது. படியில் சப்பாத்துச் சத்தம். பற்றிக் அலுமாரிக்குப் பின்னால் நுழைந்தான். வாசலைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தான்.

வந்த பொலிஸ்காரன் சிங்களத்தில் கேட்டான். இரண்டு பேர் என்றாள் அம்மா. அவன் டோரினின் பல்கலைக்கழக அட்டையைப் புரட்டினான். பிறகு, மரியாதையாக, ஆங்கிலத்தில், பாடத்தின் அதே கேள்வி. வீட்டில் யார் யார்?

பல்லைக் கடித்தாள். வாயைப் பொத்தினாள். இரண்டு கையாலும்.

அவளுக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. மழை மட்டும். அம்மா ஏன் இப்படிப் பார்க்கிறாள்? அவன் ஏன் பின்னறைப் பக்கம் திரும்புகிறான்?

உள்ளங்கைக்கு அடியில் அவள் உதடுகள், அவசரமே இல்லாமல், அசைந்துகொண்டிருந்தன.