நின்கேயின் பச்சைப் பாம்பு

மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் சூர்ட் சொன்ன முதல் வார்த்தையே ரென்ஸ்கேயை நிமிர்ந்து உட்கார வைத்தது.

"என் பாம்பைக் களவாண்டுட்டாங்க டாக்டர். வெறும் பெட்டியா விட்டுட்டுப் போயிருந்தாக்கூடத் தேவலை. அதே மாதிரி வேற ஒண்ணை உள்ளே வச்சுட்டுப் போயிருக்காங்க!"

வீபெ நாற்பது வருஷம் கடலோர ஹார்லிங்கன் ஊரில் கால்நடை மருத்துவராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும், பாம்பு வளர்ப்போர் சங்கத்தில் ஒரு வம்பு என்றால் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ரென்ஸ்கே அவரிடம் இருபது வருஷம் உதவியாளராக இருந்தவள். இப்போது இந்தத் துப்பறியும் வேலையிலும் ஒட்டிக்கொண்டிருந்தாள். விடச் சொன்னாலும் விடுகிற ரகமில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் வீபெ.

"நின்கேயோட பாம்பு கிண்ணத்துல தண்ணி குடிச்சதே கிடையாது. கிளையில சுருண்டிருக்கும், தண்ணி தெளிச்சா உடம்புல நிக்கிற துளியை மட்டும் உறிஞ்சும். இது ராத்திரியானா கீழ இறங்கிக் கிண்ணத்துல வாயை வைக்குது. ஆறு வாரம் இருதய ஆபரேஷன், ஓய்வுன்னு ஆஸ்பத்திரியில கிடந்தேன். வந்து ஏழு நாளாச்சு. என் பெண்டாட்டி கேர்த்யே, மயக்க மருந்து இன்னும் இறங்கலைங்கிறா."

"யார் மேலயாவது சந்தேகமா?"

"வேற யாரு, அந்த டௌவெதான்! பாம்புக்குஞ்சு விக்கிறவன். ரெண்டு தடவை என்கிட்ட விலை பேசினவன். நான் ஊர்ல இல்லாதப்போ துணிப்பையோட எங்க வீட்டுக்குள்ள போனதை எதிர்வீட்டுக்காரி பாத்திருக்கா. நாளைக்குக் காலையில போலீசுக்குப் போறேன்." அவர் குரல் உடைந்தது. "விரல் நீளத்துல, மஞ்சளா இருந்தப்போ என் பொண்ணு நின்கே வாங்கிட்டு வந்தது. அவ கையிலதான் பச்சையாச்சு. அவளை ரோட்டுல பறிகொடுத்து மூணு வருஷமாச்சு டாக்டர். அதுக்கு இரை போடணுமேன்னுதான் நான் காலையில எந்திரிக்கிறேன்."

நின்கேயைச் சின்னப் பெண்ணாகப் பார்த்தவள் ரென்ஸ்கே.

அன்று மதியமே சூர்ட்டின் வீட்டுக்குப் போனார்கள். மாடியில் நின்கேயின் அறை. கட்டில், புத்தகம், எதுவும் இடம் மாறவில்லை. சுவரோரம் ஆளுயரக் கண்ணாடிப் பெட்டி. அதன் கூரை கம்பி வலை. உள்ளே குறுக்குக் கிளையில் பச்சை மர மலைப்பாம்பு, வளையம் வளையமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது முந்தாநாள் உரித்த சட்டையை சூர்ட் எடுத்து வைத்திருந்தார். நின்கே சேர்த்த பழைய சட்டைகள் இழுப்பறையில் இருந்தன. வீபெ இரண்டையும் விளக்கில் காட்டி, வெகுநேரம் பார்த்தார்.

"நீங்க சொன்னது சரி. செதில் அமைப்பு ஆயுசுக்கும் மாறாது. பழைய சட்டையில மோவாய்க்குக் கீழே ஒரு செதில் பிளந்திருக்கு. புதுசுல அது இல்ல."

"டாக்டர், இங்க பாருங்க!" ரென்ஸ்கே ஜன்னலருகே துள்ளினாள். ஜன்னல் விளிம்பெல்லாம் காற்று புகாமல் பட்டை ஒட்டியிருந்தது. பழைய பிசின் கறை பழுப்பாகத் தெரிந்தது; மேலே ஒட்டியிருந்த பட்டை புத்தம் புது வெள்ளை. "திருடன் இந்த வழியாத்தான் வந்திருக்கான்!"

"வந்தவன் வெளியே போனப்புறம் உள்பக்கமிருந்து எப்படிப் புதுப் பட்டை ஒட்டினான்?" என்றார் வீபெ.

ரென்ஸ்கேயின் முகம் சுருங்கிவிட்டது. நல்ல துப்பு, ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லையே!

பெட்டியில் இரை அட்டை தொங்கியது. சங்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம் அது. எந்தத் தேதி, எத்தனை எலி, தின்றதா இல்லையா என்று எழுதுவார்கள். சூர்ட் இல்லாத ஆறு வாரத்தில் மூன்று வரி, கேர்த்யேயின் கையெழுத்தில், மூன்றிலும் 'தின்றது'. வீபெ கீழே இறங்கிப் போய், இரை எலிகளை உறைய வைத்திருந்த உறைபெட்டியைத் திறந்து பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறப்போ எத்தனை எலி வச்சுட்டுப் போனீங்க?"

"ஆறு. வந்தப்புறம் நான் இன்னும் இரை போடல."

"அஞ்சு இருக்கு."

அப்போது கேர்த்யே காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவள் மணிக்கட்டில் வளைவான இரண்டு வரிசையில் சின்னச் சின்னப் புள்ளிகள். ரென்ஸ்கே பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "ரோஜாச் செடி கீறிடுச்சு" என்று சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மாசி மாதக் குளிரில் என்ன தோட்ட வேலை என்று ரென்ஸ்கே நினைத்தாள்.

வீபெ தொலைபேசியில் கூப்பிட்டதும் டௌவெ வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்தவன், யார் கண்ணையும் பார்க்காமல் உட்கார்ந்தான். சூர்ட் பாய்ந்தார்.

"எங்கடா என் பாம்பு? மரியாதையாச் சொல்லிடு!"

"கொஞ்சம் பொறுங்க சூர்ட்" என்றார் வீபெ. "ஆறு வாரத்துல மூணு எலி தின்னதா அட்டை சொல்லுது. ஆனா ஒண்ணுதான் குறைஞ்சிருக்கு. அப்படின்னா முதல் இரைக்கப்புறம் அந்தப் பெட்டியில திங்கிற நிலைமையில பாம்பு இல்ல. அதை மறைக்க யாரோ அட்டையை நிரப்பியிருக்காங்க. திருடனுக்கு அந்த அக்கறை ஏன்? உங்க மனசு நோகக் கூடாதுன்னு நினைக்கிறவங்களுக்குத்தான் அந்த அக்கறை."

சூர்ட் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நம்ம ஊர்ல விடிஞ்சா படுக்கையறை ஜன்னலைத் திறந்துவிடாத வீடு உண்டா?" வீபெயின் குரல் தணிந்தது. "எவ்வளவு குளிரானாலும் சரி, திறக்கலேன்னா நமக்குப் பொறுக்காது. அந்த அறையிலயும் பட்டையைப் பிச்சுட்டுத் திறந்திருக்காங்க. கடல்காத்து நேரா வலைக்கூரை மேல. மர மலைப்பாம்புக்கு நெஞ்சுல சளி கட்ட அது போதும். நடந்தது புரிஞ்சதும் புதுப் பட்டை ஒட்டியிருக்காங்க. உங்க கையில இருக்கிறது ரோஜா முள் இல்லம்மா. புதுசு கடிச்சிருக்கு, இல்லையா?"

கேர்த்யே உட்கார்ந்தாள். அழவில்லை.

"நாத்தம் அடிச்சுது. பதினஞ்சு நிமிஷம் திறந்தேன், தினமும். வாயைத் திறந்து திறந்து மூச்சுவிட்டுச்சு. கொட்டாவி விடுதுன்னு நினைச்சேன். பாவி நான், கொட்டாவின்னு நினைச்சேன்! நாலாவது வாரம் கீழே கிடந்துச்சு."

"அக்கா என்கிட்ட ஓடி வந்தாங்க" என்றான் டௌவெ. "நின்கே வாங்கினதோட கூடப் பொரிச்ச குஞ்சுல ஒண்ணு, வளர்ந்து என்கிட்ட இருந்துச்சு. இரை போட்டுத்தான் கொண்டாந்து விட்டேன். காசு வாங்கல. சொல்லிடுங்கன்னேன், கேக்கல."

"பாம்புன்னாலே உனக்கு உடம்பு நடுங்குமே கேர்த்யே" என்றார் சூர்ட்.

"இப்பவும்தான் நடுங்குது. அது போச்சுன்னு தெரிஞ்சா நீயும் போயிடுவேன்னு பயந்தேன். அந்தப் பயம்தான் பெரிசா இருந்துச்சு."

சூர்ட் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "சூடு எவ்வளவு, தண்ணி எவ்வளவு, எல்லாம் எழுதி வச்சேன். ஜன்னலைத் திறக்கக் கூடாதுன்னு எழுதலையே. எனக்குத் தெரிஞ்சதாச்சே, உலகத்துக்கே தெரியும்னு விட்டுட்டேனே."

ரென்ஸ்கேக்குத் தான் இங்கே துள்ளிக் குதித்ததை நினைக்க வெட்கமாக இருந்தது. ஒரு குற்றவாளி கிடைப்பான் என்று எவ்வளவு ஆசையாக வந்தாள்!

"அதை என்ன பண்ணினே?" என்று கடைசியில் கேட்டார் சூர்ட்.

"நின்கே கால்மாட்டுல புதைச்சேன். கல்லறைத் தோட்டத்துல கேட்டா விடமாட்டாங்க, அதான் விடியக்காலையில போனேன். மண்ணு உறைஞ்சு கெடந்துச்சு. தோண்ட ரெண்டு நாள் ஆச்சு."

"தனியாவா?"

"பின்ன?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஆஸ்பத்திரிக்குத்தான் தினமும் வந்தியே. என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

கேர்த்யே அவரை நிமிர்ந்து பார்த்தாள். இப்போதுதான் அவள் கண் நிறைந்தது.

"மூணு வருஷமா கூப்பிட்டுட்டுத்தான் இருக்கேன் சூர்ட். மாடிப்படிக்குக் கீழ நின்னு தினமும் கூப்பிட்டேன். அவ எனக்கும் பொண்ணுதானே? நீதான் அந்தக் கதவைச் சாத்திக்கிட்டே."

வீபெ தொப்பியை எடுத்துக்கொண்டு, ரென்ஸ்கேயையும் டௌவெயையும் கண்ணால் அழைத்தார். வாசல் கதவைச் சாத்தும்போது ரென்ஸ்கே ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சூர்ட் தன் நாற்காலியை மேசையைச் சுற்றி இழுத்துக்கொண்டு போய், மனைவிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தார்.